பூவரசம் பலகையில் ஒரு மாதம்

சந்திரன் பூமியை ஒரு முறை சுற்றிவர எத்தனை நாள் ஆகும்? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால் சிலர் 27 நாள் என்பார்கள், சிலர் 29½ நாள் என்பார்கள். மாணவ நண்பர்களே, இரண்டு விடைக்கும் மதிப்பெண் உண்டு. எதை வைத்து அளக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இன்றிரவு சந்திரன் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் அருகே நிற்பதாக வைத்துக்கொள்வோம். மீண்டும் அதே இடத்திற்கு அது வர 27.32 நாள் ஆகும். அதாவது நாளொன்றுக்கு 13.18 பாகை கிழக்கே நகர்கிறது. ஆனால் சூரியனும் விண்மீன்களிடையே நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.99 பாகை அதே திசையில் நகர்வதாகத் தோன்றுகிறது. ஆகவே சந்திரன் சூரியனை விட்டு விலகும் வேகம் நாளைக்கு 12.19 பாகைதான். 360-ஐ 12.19-ஆல் வகுத்துப் பாருங்கள்: 29.53 கிடைக்கும். அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு ஆகும் காலம் இது.

நம் பஞ்சாங்கத்தின் 27 நட்சத்திரங்கள் முதல் கணக்கைச் சேர்ந்தவை. சீனரும் அரேபியரும் வானத்தை 28 சந்திர மனைகளாகப் பிரித்தார்கள்; அதுவும் அவ்வகையே. திதிகளோ இரண்டாம் கணக்கு. இந்த வேறுபாடு, இதுவரை எவராலும் படிக்க முடியாத ஓர் எழுத்தின் ஒரு மூலையைத் திறக்க உதவுகிறது.

தென்பசிபிக்கில், சிலி நாட்டுக் கரையிலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர் தொலைவில் ஈஸ்டர் தீவு இருக்கிறது. அங்கு வாழும் பாலினேசிய மக்கள் அதை ராப்பா நூயி என்பார்கள். பெரிய கற்சிலைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சிலைகளைவிட வியப்பானவை அங்கிருந்து கிடைத்த மரப்பலகைகள். மனிதன், பறவை, மீன், பிறை என்று நுண்ணிய உருவங்கள் அவற்றில் வரிவரியாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஒரு வரி முடிந்ததும் பலகையைத் தலைகீழாகத் திருப்பி அடுத்த வரியைப் படிக்க வேண்டும். இந்த எழுத்திற்கு ரொங்கோரொங்கோ என்று பெயர்.

படிக்கத் தெரிந்தவர்கள் ஏன் மிஞ்சவில்லை? 1862, 1863-இல் பெரு நாட்டிலிருந்து வந்த கப்பல்கள் தீவினரைக் கூட்டங்கூட்டமாக அடிமைகளாகப் பிடித்துச் சென்றன. திரும்பி வந்த மிகச் சிலருடன் பெரியம்மையும் வந்தது. 1877-இல் தீவில் எஞ்சியிருந்தவர்கள் 111 பேர். 1864-இல் எய்ரோ என்ற பிரெஞ்சு சமயப் பணியாளர் எல்லா வீடுகளிலும் பலகைகளைக் கண்டதாக எழுதினார். இன்று உலகம் முழுவதிலும் இருப்பவை இருபத்தைந்து சொச்சம்.

அவற்றில் ஒன்றின் பெயர் மாமரி. ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் நீளம், 19½ சென்டிமீட்டர் அகலம். மரம், நம் ஊர் வேலியோரத்தில் நிற்கும் அதே பூவரசு! 1958-இல் ஜெர்மானிய அறிஞர் தாமஸ் பார்த்தெல் இதன் ஒரு பக்கத்தில், 6 முதல் 9 வரையிலான வரிகளில், பிறை உருவம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, இது சந்திர நாட்காட்டி என்றார். பிறைகள் குழுக்களாக நிற்கின்றன. ஒவ்வொரு குழுவிற்கும் முன்னால் ஒரே மாதிரியான உருவத் தொடர் வருகிறது. அதில் கயிற்றில் தொங்கும் ஒரு மீன் உண்டு. முதற்பாதியில் மீனின் தலை மேலே; பிற்பாதியில் கீழே. நடுவில் வட்டம் ஒன்று, முழுநிலவு.

முதன்மைப் பிறைகள் 28. இங்கேதான் வழுக்கும் இடம். “ஆகா, 28 சந்திர மனைகள்! ஆசியாவிலிருந்து போன அறிவு!” என்று துள்ளத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், சோதிப்போம்.

ஒரு நட்சத்திர மனைக்கு நிரந்தரமான பிறை வடிவம் கிடையாது. கார்த்திகை மாதத்தில் கார்த்திகை நட்சத்திரத்தருகே வரும் சந்திரன் முழுநிலவு. சித்திரை மாதத்தில் அதே இடத்தில் மெல்லிய கீற்று. ஆகவே மனைகளின் பட்டியலுக்கு நடுவில் முழுநிலவு வர வேண்டிய அவசியமில்லை, மீன் தலைகீழாவதற்கும் காரணமில்லை. மாமரியில் இரண்டும் இருக்கின்றன. மேலும், 28 பிறைகளுடன் சிறியதாக இரண்டு பிறைகள் கூடுதலாக உள்ளன. தீவினர் வாய்வழியே காத்துவந்த இரவுப் பெயர்களை தாம்சன் 1886-இலும், மெத்ரோ 1934-35-இலும் எழுதி வைத்தார்கள். அதன்படி 28 இரவுகளுக்கு நிலையான பெயர் உண்டு. ஹோட்டு, ஹிரோ என்ற இரண்டு இரவுகள் தேவைப்படும்போது சேர்க்கப்படுபவை. 29.53-ஐ முழு இரவுகளால் எண்ணுவதென்றால் ஒரு மாதம் 29, இன்னொரு மாதம் 30 என்றுதானே வைக்க முடியும்? 27.32-க்கு இந்த இரண்டு இரவுகளும் வேண்டியதே இல்லை. எனவே இது பிறைக் கணக்கு. மிகுதி இரவை எப்போது சேர்ப்பது என்ற விதியே இந்த வரிகளில் உள்ளது என்று 1990-இல் ழாக் கீ என்ற மொழியியலாளர் விளக்கினார்.

ஆசியத் தொடர்பு பற்றிய ஆசை புதிதன்று. 1932-இல் ஹெவெசி என்பவர் சிந்துவெளி முத்திரை எழுத்துகளையும் ரொங்கோரொங்கோவையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, இரண்டும் ஒன்றே என்றார். தேசப்படத்தை எடுங்கள். ஈஸ்டர் தீவு தெற்கே 27 பாகை, மேற்கே 109 பாகை. மொகஞ்சதாரோ வடக்கே 27, கிழக்கே 68. உலக உருண்டையில் ஒன்றிலிருந்து ஊசியை நேராகக் குத்தினால் மற்றதன் அருகில் வெளிவரும்! இதைவிடத் தொலைவு பூமியில் ஏது? காலமோ இன்னும் மோசம். சிந்துவெளி நகரங்கள் கி.மு. 1900 வாக்கில் தளர்ந்துவிட்டன. ரொங்கோரொங்கோ பலகை ஒன்றின் மரம் கி.பி. 15-ஆம் நூற்றாண்டினது என்று 2024-இல் வெளியான கார்பன் ஆய்வு காட்டியது. இடைவெளி மூவாயிரம் ஆண்டுக்கு மேல். உருவ ஒற்றுமைக்கோ இந்தத் தூரம் போக வேண்டியதில்லை. மனித உருவத்தை நான்கு கோட்டில் வரையச் சொன்னால் உங்கள் வகுப்பிலேயே பாதிப்பேர் ஒரே மாதிரி வரைவீர்கள்.

மாமரியின் மற்ற வரிகள்? அங்கே பிறை வரிசை இல்லை, எண்ணிப் பார்க்கப் பிடி எதுவும் கிடைக்கவில்லை. நாட்காட்டி வரிகளிலும்கூட எந்த உருவத்திற்கு என்ன ஒலி என்பது நிறுவப்படவில்லை. எது முழுநிலவு, எது தேய்பிறை என்பதுவரைதான் வந்திருக்கிறோம்.