500 யூனிட்டுக்குள் ஒரு கோடை

கரண்ட் பில்லைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் மனதில் பதிய வைக்க வேண்டியது 500 என்ற எண். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் 2016 முதல் எல்லா வீட்டுக்கும் இலவசம். 500-க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, அதற்கு மேல் 6.30. இது 2024 ஜூலையில் வந்த கட்டணம். 500-ஐத் தாண்டினால் 2.35 என்ற சலுகை போய்விடும். 101-ஆவது யூனிட்டிலிருந்தே 4.70, தாண்டிய யூனிட்டுக்கு 8.40. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,124. பத்தே யூனிட்டுக்கு 319 ரூபாய்!

அதனால் எங்கள் வீட்டில் ரீடிங் எடுத்துப் போன அன்றே மீட்டர் எண்ணைக் காலண்டரில் எழுதிவிடுவோம். 60 நாளுக்கு 500 என்றால் நாளைக்கு எட்டு யூனிட் சொச்சம். ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து, வாரக் கணக்கு 58-ஐத் தாண்டியிருந்தால் அந்த வாரமே கையை இறுக்கிப் பிடிப்போம். பில் வந்த பிறகு புலம்பி என்ன பயன்?

எங்கள் திருவண்ணாமலை வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். அக்னித் தலம். கத்திரி வெயில் நாட்களில் அருணாசலேஸ்வரருக்கே தாராபிஷேகம் நடக்கும்; லிங்கத்துக்கு மேலே தொங்கும் பாத்திரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே படுப்பவர்களுக்கு ராத்திரி பத்து மணிக்கும் அனல் தலைக்கு மேல் நிற்கும். பகலெல்லாம் கான்கிரீட் குடித்த சூட்டை இரவில் ஏசி வைத்து விரட்டுவதுதான் பில்லில் பெரிய செலவு. சூட்டை மாடியிலேயே நிறுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பங்குனி முடிவதற்குள் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவோம். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாள் இரவே பெரிய டிரம்மில் ஊறப்போட்டு, காலையில் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, தென்னை மட்டை பிரஷ்ஷால் இரண்டு கோட். தரையை முன்னதாகவே நன்றாகப் பெருக்கிக் கழுவிவிட வேண்டும்; தூசி மேல் அடித்த சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்துவிடும். வெயில் ஏறும் முன் அடித்து முடிப்பது முக்கியம். அடிக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரிந்து தள்ளிவிடும். வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே சீலிங்கைத் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி கட்டியிருக்கிறோம். உள்ளே திரை போடுவதைவிட இது மேல். வெயில் கண்ணாடிக்கு வரும் முன்பே நின்றுவிடுகிறது.

அடுத்தது ஃபேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் முப்பது வாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 54 யூனிட் மிச்சம். விலை கூடுதல்தான், ஆனால் ஓயாமல் ஓடும் ஃபேனை மட்டும் முதலில் மாற்றினால் போதும். விருந்தாளி அறை ஃபேனுக்கு அவசரமில்லை.

ஏசியை 26-இல் வைத்து ஃபேனையும் மெதுவாகச் சுழலவிடுகிறோம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். வடிகட்டி வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் அலசுங்கள். தூசி பறக்கும் கிரிவலப் பாதைப் பக்கம் குடியிருப்பவர்கள் இன்னும் சீக்கிரம் அலச வேண்டும்.

பலரும் கணக்கில் சேர்க்காதது மோட்டார். ஒரு ஹெச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். கோடையில் போர்வெல்லில் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அதே டேங்க் நிறைய நேரம் கூடுதலாகும். இந்த நேரத்தில் கழிவறை ஃபிளஷ் டேங்க் ஒழுகினால் தண்ணீரோடு கரண்டும் ஒழுகுகிறது. படுக்கப் போகும் முன் மாடி டேங்கில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள்; விடிந்ததும் மறுபடி பாருங்கள். யாரும் குழாயைத் திறக்காமலேயே இறங்கியிருந்தால் பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான். அதே மாதிரி மீட்டருக்கும் ஒரு சோதனை உண்டு. ஃப்ரிட்ஜ் உட்பட எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். தொடர்ந்து மின்னிக்கொண்டிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. இது பணத்தோடு நிற்காது, உயிர் விஷயம். எலக்ட்ரீஷியனை உடனே அழையுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு கணக்கு தனியாக உண்டு: சித்ரா பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்க வரும் சொந்தக்காரர்களால் வீடு நிறைந்துவிடும். எல்லா ஃபேனும் ஓடும், மோட்டார் இரண்டு வேளை ஓடும். வருகிறவர்களிடம் சிக்கனம் பேச எனக்கு மனசு வராது, பேசவும் கூடாது. அதனால் சித்திரை பிறந்ததிலிருந்தே நாளைக்கு ஏழு யூனிட்டுக்குள் ஓட்டி, அவர்களுக்காக முப்பது, நாற்பது யூனிட் ஒதுக்கி வைத்துவிடுவோம். சுண்ணாம்பு அடித்த மாடியில் பாயை விரித்தால் பெரியவர்கள் தாமாகவே மேலே ஏறிவிடுகிறார்கள். குழந்தைகளும் கால் வலிக்காரர்களும் மட்டும் ஏசி அறையில்.