கணிப்பொறிக்கும் மறதி வரும்

பெங்களூரில் இருந்து ஓசூருக்குப் போகும் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டி இருக்கிறது. 1978-ஆம் ஆண்டில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் இதைத் தொடங்கியது. கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூரு என்ற இரண்டு கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் இது உருவானது. இதற்காகப் பாடுபட்டவர் ஆர். கே. பாலிகா. இன்று அங்கே கணிப்பொறிக் கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன.

அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் பொறியாளர்கள் அல்ல. காவல் காப்பவர்கள் இருக்கிறார்கள். தரை துடைப்பவர்கள் இருக்கிறார்கள். கேண்டீனில் சமைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இன்று கணிப்பொறியில் படிக்கிறார்கள். சிலர் பழைய கணிப்பொறியைக் குறைந்த விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். அது மெதுவாக ஓடும்.

அப்படி ஒரு வீட்டில் அம்மாவும் மகனும் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

"அம்மா, காசு செலவு இல்லாமல் இதன் வேகத்தைக் கூட்டப் போகிறேன்."

"எப்படிடா கூட்டுவாய்?"

"ரேமின் வேகத்தைக் கூட்டி, அதற்குப் போகும் மின்சாரத்தையும் கொஞ்சம் கூட்டினால் போதும்மா."

"கூட்டினால் சூடாகாதா?"

அம்மா கேட்டது சரியான கேள்வி. மகன் சொல்வதும் பொய் அல்ல. இப்படி வேகம் கூட்டுவதற்கு ஓவர்க்ளாக்கிங் என்று பெயர். ஆனால் அளவு தெரியாமல் செய்தால் பொருள் கெடும். சேர்த்து வைத்த கணக்கும் கெடும்.

ரேம் என்பது கணிப்பொறியின் நினைவகம். விரல் நீளத்தை விடச் சற்றுப் பெரிய பச்சைப் பலகை. அதன் மேல் கருப்புச் சில்லுகள் இருக்கும். கணிப்பொறி அப்போது செய்யும் வேலையை அதில்தான் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு சில்லுக்குள்ளும் கோடிக்கணக்கான மிகச் சிறிய அறைகள் உள்ளன. 8 ஜிபி ரேம் ஒன்றில் ஏறக்குறைய 6,870 கோடி அறைகள்! ஓர் அறையில் மின்சாரம் இருந்தால் 1. இல்லாவிட்டால் 0. எழுத்தும், எண்ணும், படமும் இந்த இரண்டால்தான் எழுதப்படுகின்றன.

இந்த அறையை ஓட்டைக் குடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் நிற்காது. கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வற்றும் முன் மறுபடி ஊற்ற வேண்டும். ரேமில் இந்த வேலை ஒரு நொடிக்குள் 15 தடவை நடக்கிறது. ஐபிஎம் கம்பெனியில் வேலை செய்த ராபர்ட் டென்னார்ட் என்பவர் இந்த வகை நினைவகத்தைக் கண்டுபிடித்தார். 1968-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

சூடு ஏறினால் கசிவு வேகமாகும். சில்லின் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு வேகமாக ஊற்ற வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஊற்றும் முன் குடம் வற்றிவிட்டால் 1 என்று எழுதியது 0 ஆகிவிடும். கணிப்பொறிக்கு வரும் மறதி இதுதான்.

ஓர் அறை மறந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். சம்பளக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். ஒருவருக்குச் சம்பளம் 8,450 ரூபாய். கணிப்பொறியில் முதல் அறைக்கு மதிப்பு 1. அடுத்ததற்கு 2. அதற்கு அடுத்ததற்கு 4. இப்படியே இரண்டு இரண்டு மடங்காகப் போனால் 14-ஆவது அறைக்கு மதிப்பு 8,192. கணிப்பொறி 8,450-ஐ இப்படி எழுதும்: 8,192 + 256 + 2. இப்போது அந்த 14-ஆவது அறை மட்டும் வற்றிவிட்டது. மீதி என்ன? 258 ரூபாய். மணி அடிக்காது. புகை வராது. திரையில் 258 என்று அமைதியாக நிற்கும்.

அதனால்தான் கம்பெனிகளின் பெரிய கணிப்பொறிகளில் வேறு வகை ரேம் போடுகிறார்கள். ஓர் அறை மறந்தால் அதைக் கண்டுபிடித்துத் தானே திருத்தும் ரேம் அது. அவற்றைக் குளிரூட்டிய அறையில் வைக்கிறார்கள். அந்த அறைக் கதவைத் திறந்து போடக் கூடாது என்று சொல்வது கெடுபிடிக்காக அல்ல. பழைய வீட்டுக் கணிப்பொறியில் இருக்கும் சாதாரண ரேமுக்குத் தன்னைத் திருத்தத் தெரியாது.

இனி வோல்ட் கணக்கு. மின்சாரம் எவ்வளவு அழுத்தமாக வருகிறது என்பதை வோல்ட் என்ற அளவால் சொல்கிறோம். வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். கணிப்பொறி அதைப் படிப்படியாகக் குறைத்துத்தான் ரேமுக்குக் கொடுக்கிறது. டிடிஆர்3 வகைக்கு 1.5 வோல்ட். டிடிஆர்4 வகைக்கு 1.2 வோல்ட். டிடிஆர்5 வகைக்கு 1.1 வோல்ட். பல ரேம்களில் ஒட்டிய சீட்டிலேயே இது இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் வி என்ற ஆங்கில எழுத்து நிற்கும்.

வேகத்துக்கென்றே செய்த டிடிஆர்4 ரேம்கள் பலவற்றில் 1.35 என்று போட்டிருக்கும். அதை 1.35-இல் ஓட்டலாம். சீட்டில் 1.2 என்று இருந்தால் அதைத் தாண்டாமல் இருப்பதே நல்லது. டிடிஆர்4 சில்லுகளுக்கு 1.5 வோல்ட் என்பது கடைசி எல்லை. அது ஓட்டுவதற்குச் சொன்ன அளவு அல்ல. அதற்கு மேல் போனால் சில்லு நிரந்தரமாகக் கெடலாம் என்று சொன்ன அளவு.

கெடுவது ரேம் மட்டும் அல்ல. ரேமை வேலை வாங்குவது பிராசஸர். 2008-இல் வந்த இன்டெல் பிராசஸர்களுக்கு ரேம் அழுத்தம் 1.65 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம் என்று எச்சரித்தார்கள். தாண்டினால் பிராசஸரே பழுதாகலாம்.

ஒரு சின்னக் கணக்கு. 1.2-இல் இருந்து 1.35-க்குப் போனால் கூடுவது 0.15. எட்டில் ஒரு பங்கு. சூடும் எட்டில் ஒரு பங்குதானே கூடும்? இல்லை. 1.2-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 1.44. 1.35-ஐ 1.35-ஆல் பெருக்கினால் 1.82. சூடு இந்தக் கணக்கில்தான் ஏறும். அதாவது கால் பங்குக்கு மேல் கூடும். வேகம் கூட்டுவதால் வரும் சூடு தனி.

பெங்களூர் குளிர்ச்சியான ஊர், கடல் மட்டத்தில் இருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இங்கே எதற்குக் கவலை என்று சிலர் சொல்வார்கள். 2016 ஏப்ரல் 24 அன்று அதே பெங்களூரில் வெயில் 39.2 டிகிரி. பெட்டிக்குள் அதை விட அதிகம்.

சூட்டைக் குறைக்கப் பெரிய செலவு வேண்டாம். ரேமின் மேல் காற்று படும்படி பெட்டிக்குள் ஒரு சிறிய மின்விசிறி வைத்தால் போதும். அலுமினியத் தகடு மூடிய ரேமுக்கும் காற்று வேண்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. தூசி படியாமல் இருக்க பூத்துணி போட்டு மூடுவது பல வீடுகளில் வழக்கம். ஓடும்போது அந்தத் துணியை எடுத்துவிட வேண்டும். உள்ளே படிந்த தூசியை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகு உலர்ந்த தூரிகையால் தட்டலாம். மின்சாரத்தை மாற்றித் தரும் இரும்புப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

மகன் வேகம் கூட்டித்தான் பார்ப்பேன் என்றால் முதலில் படங்களையும் பாடங்களையும் வேறு இடத்தில் நகல் எடுக்கட்டும். பழைய எண்களைத் தாளில் எழுதி வைக்கட்டும். ஒரு தடவைக்கு ஒரு படி மட்டும் கூட்டட்டும். ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 என்ற நிரல் இருக்கிறது. அதைச் சில மணி நேரம் ஓட விடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஒரு படி இறங்க வேண்டும். கணிப்பொறி கிளம்பவே இல்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே இருக்கும் வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

இவ்வளவும் செய்து கிடைக்கும் வேகம் பள்ளிப் பாடத்துக்குக் கொஞ்சமே. ரேம் போதாமல் திணறும் கணிப்பொறிக்கு இன்னொரு ரேம் சேர்ப்பதே மேல். பெங்களூரில் எஸ். பி. ரோடு கடைகளில் கிடைக்கும். போகும்போது பழைய ரேமின் சீட்டில் உள்ள எண்களை அப்படியே எழுதிக்கொண்டு போக வேண்டும். டிடிஆர்3 இருந்த இடத்தில் டிடிஆர்4 நுழையாது. இரண்டிலும் பல்வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும்.