எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு குளிர்பதன அறை

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், பெல்ஜியமும் நெதர்லாந்தும் வந்து தொடும் இடத்தில் இருக்கிறது ஆகன் நகரம். அங்கே குளிர்பதன அறைகளை விற்று, பூட்டி, பழுதும் பார்த்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு வேலைகளுக்கான காகிதங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். எல்லையில் சுங்கச் சோதனை கிடையாது. இரு பக்கமும் யூரோதான். ஒரு கம்ப்ரெஸரை லாரியில் ஏற்றி பெல்ஜியத்தின் லியேஜுக்கு அனுப்ப யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு டெக்னீஷியனை அனுப்பத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது.

லியேஜில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். "பக்கத்து ஊர்தானே தங்கச்சி, வந்து பூட்டிப்போட்டுப் போறதுக்கு ஏன் இவ்வளவு பேப்பர்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. ஐரோப்பிய நாடுகளுக்கு இடையே உள்ள தடைகளைச் சுங்க வரிக்கு ஈடாகக் கணக்கிட்டால் பொருள்களுக்கு 44 சதவீதம், சேவைகளுக்கு 110 சதவீதம் வரும் என்று பன்னாட்டு நாணய நிதியம் 2024இல் மதிப்பிட்டது. அப்படி ஒரு வரியை யாரும் வசூலிப்பதில்லை. படிவங்களிலும், காத்திருப்பிலும், மொழிபெயர்ப்புச் செலவிலும், 'இந்த வேலை நமக்கு வேண்டாம்' என்று சிறிய நிறுவனங்கள் விட்டுவிடும் ஆர்டர்களிலும் அது கரைந்துபோகிறது. பெரிய நிறுவனங்களுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். அந்த நாட்டிலேயே ஒரு கிளையைத் திறந்துவிடுவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வழி இல்லை.

ஆனால் எல்லாக் காகிதத்தையும் தடை என்று நான் சொல்ல மாட்டேன். 2004இல் ஸ்வீடனின் வாக்ஸ்ஹோமில் பள்ளிக்கூட வேலை ஒன்றை லாட்வியாவின் லாவல் நிறுவனம் எடுத்தது. ஸ்வீடன் கூலி ஒப்பந்தத்துக்கு அது ஒத்துவராததால் தொழிற்சங்கங்கள் வேலையை மறித்தன. அந்த மறியல் சேவை வழங்கும் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2007 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தங்கள் கூலியை வெளியாட்கள் அறுத்துவிடுவார்கள் என்ற பயம் அதன்பின் இன்னும் வலுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 சேவைச் சட்டமும் இதே பயத்தில்தான் முதல் வடிவத்திலிருந்து நிறைய இளைத்து வந்தது. எங்கள் பையன்கள் லியேஜில் வேலை செய்யும்போது அங்கே உள்ளவர்களைவிடக் குறைவாகக் கூலி வாங்கக் கூடாது என்பதில் எனக்கு முழு சம்மதம். அதற்காக ஒரே ஆளின் பெயரையும் பிறந்த தேதியையும் பெல்ஜியத்துக்கு ஒரு படிவத்தில், நெதர்லாந்துக்கு இன்னொன்றில், பிரான்சுக்கு மூன்றாவதில் என்று திரும்பத் திரும்ப எழுதுவதில்தான் எனக்கு வருத்தம். அதனால் எந்தத் தொழிலாளிக்கும் ஒரு காசு கூடுதலாகக் கிடைப்பதில்லை.

இந்த நிலை மாறும் வரை நடைமுறையில் செய்யக்கூடியது ஒன்று: வேலைக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் ஆளின் ஏ1 சான்று அதில் முதலில் வர வேண்டும். அவருடைய சமூகப் பாதுகாப்புச் சந்தா ஜெர்மனியில் கட்டப்படுகிறது என்பதற்கு அது அத்தாட்சி. அந்தச் சான்றோடு ஓர் ஆளை 24 மாதம் வரை அனுப்பலாம். இங்கே அதை அவருடைய மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஆன்லைனில் கேட்க வேண்டும். பின்தேதியிட்டும் தருவார்கள் என்று சொல்லி ஆறப்போடாதீர்கள். வேலை இடத்தில் தொழிலாளர் ஆய்வாளர் வந்து நின்றால், விண்ணப்பித்த ரசீதாவது டெக்னீஷியன் கையில் இருக்க வேண்டும். அடுத்து, ஆள் வருவதை முன்கூட்டித் தெரிவிக்கும் பெல்ஜியத்தின் லிமோசா அறிவிப்பு. ஆள் வேலையில் கை வைப்பதற்கு முன்பே அது பதிவாகியிருக்க வேண்டும். வாடிக்கையாளரும் அதைச் சரிபார்க்கக் கடமைப்பட்டவர். அதனால்தான் அண்ணைக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுவேன். பிறகு வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வேலை நேரக் குறிப்பு. பிரான்ஸ் என்றால் இவற்றின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும், அங்கேயே இருக்கும் ஒரு பிரதிநிதியின் பெயரும் தேவை. அந்தச் செலவை விலைப்புள்ளி கொடுக்கும்போதே சேர்த்துவிடுங்கள்.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் எட்டு நாள் விலக்கு. நாம் விற்ற பொருளை நாமே முதல்முறையாகப் பொருத்திக் கொடுக்கும் வேலை எட்டு நாளுக்கு மேல் போகாவிட்டால், அந்த நாட்டுக் கூலி, விடுப்பு விதிகள் பொருந்தாது என்று ஒன்றியச் சட்டம் சொல்கிறது. கட்டட வேலைக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. எது கட்டட வேலை என்ற பட்டியலில், முன்பே செய்த பாகங்களைக் கொண்டுவந்து இணைப்பதும் இருக்கிறது. ஒரு குளிர்பெட்டியைக் கொண்டுபோய் வைத்து இணைப்புக் கொடுப்பது ஒரு வகை. பேனல்களை நிறுத்தி, தரையோடும் சுவரோடும் பூட்டி ஓர் அறையையே எழுப்புவது வேறு வகை. பேனல் வேலை என்றால் விலக்கு இல்லை என்றே வைத்துக்கொண்டு நான் ஏற்பாடு செய்வேன். ஆய்வாளரோடு வாதாடுவதைவிட அது மலிவு.

வாட் வரியிலும் இதே மாதிரி ஒரு கோடு உண்டு. அசையாச் சொத்தோடு சேர்ந்த வேலைக்கு அந்தச் சொத்து இருக்கும் நாட்டு வரிதான். வாடிக்கையாளரின் வாட் எண்ணை ஒன்றியத்தின் தளத்தில் சரிபார்த்து, தேதியோடு அச்செடுத்து வையுங்கள்.

உருப்படியாக நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். குளிர்பதன வாயுவைக் கையாள எங்கள் பையன்களிடம் எஃப்-காஸ் சான்றிதழ் இருக்கிறது. ஒரு நாடு கொடுத்ததை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மொழிபெயர்ப்பு கேட்கலாம், அவ்வளவுதான். இது ஏன் சாத்தியமானது? என்ன தெரிந்திருக்க வேண்டும், எதில் தேர்வு வைக்க வேண்டும் என்பதை எல்லா நாடுகளும் முதலிலேயே சேர்ந்து தீர்மானித்துவிட்டன. அறிவிப்புப் படிவங்களுக்கும் இதே வழிதான் சரி என்று நினைக்கிறேன். எல்லா நாடுகளுக்கும் ஒரே மின்னணு அறிவிப்பு என்ற யோசனையை ஐரோப்பிய ஆணையம் 2024 நவம்பரில் முன்வைத்தது. ஆனால் சேர்வதும் சேராததும் அந்தந்த நாட்டின் விருப்பம் என்று விட்டிருக்கிறார்கள். பாதி நாடுகள் வெளியே நின்றால் என் மேசையில் படிவங்கள் குறையாது. எல்லோரும் சேர வேண்டும் என்று சிறு தொழில் செய்பவர்கள் தங்கள் வணிகச் சங்கங்கள் மூலம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏதாவது ஒரு நாட்டு அலுவலகம் ஒன்றியச் சட்டத்துக்கு மாறாக உங்களைத் தடுத்தால் சால்விட் என்ற சேவைக்கு எழுதுங்கள். 2002 முதல் இயங்குகிறது, கட்டணம் இல்லை. உங்கள் நாட்டு மையம் அந்த நாட்டு மையத்தோடு பேசும். பத்து வாரத்துக்குள் முடிப்பது அவர்கள் இலக்கு. ஒருமுறை எங்கள் டெக்னீஷியனின் தகுதியை ஏற்க ஓர் அலுவலகம் மறுத்தபோது இந்த வழியாகத்தான் தீர்வு கிடைத்தது. மறுப்பை எழுத்தில் வாங்கியிருந்தது பெரிய உதவியாக இருந்தது. வாய்மொழியாகச் சொன்னதை நிரூபிப்பது கடினம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகு சால்விட் தலையிடாது. ஆகவே வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். மேல்முறையீட்டுக்கான கெடு ஓடிக்கொண்டிருந்தால் அதையும் கவனியுங்கள், சால்விட்டுக்கு எழுதியதால் அது நின்றுவிடாது.