எறும்பைக் கொல்லலாமா? மஞ்சள் எறும்பும் நமது மாந்தோப்பும்



சென்ற மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, பள்ளிவாசல் வராந்தாவில் முதியவர் ஒருவர் எங்களை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "எறும்பைக் கொல்லக் கூடாதுன்னு ஹஜ்ரத் பயான்ல சொல்றாங்க. நீங்க என்னடான்னா தோப்புல எறும்புக்கு மருந்து வைக்கப் போறோம்ங்கிறீங்க. எது சரி தம்பி?" நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல இது. ஆகவே இந்த இதழில் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் இதில் நமக்கு என்ன நஷ்டம் என்பதைச் சொல்லிவிடுகிறோம். அறக்கட்டளையின் வக்ஃபு மாந்தோப்புக் குத்தகைப் பணத்தில்தான் நமது மஹல்லாவின் கைம்பெண்களுக்கு மாதாந்திர உதவி போகிறது. சென்ற பருவத்தில் மாங்காய் பறிக்க வந்த ஆட்கள் பாதி மரங்களில் ஏற மறுத்துவிட்டார்கள். கால் வைத்ததும் உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது, பிறகு அரிப்பும் எரிச்சலும். பறித்த காயிலும் கறுப்புப் படலம் படிந்து விலை போகவில்லை. அடுத்த ஆண்டு குத்தகை எடுப்பது சந்தேகம்தான் என்று குத்தகைதாரர் சொல்லிவிட்டார். தோப்பை ஒட்டிய வீட்டில் பிறந்து சில நாட்களே ஆன வெள்ளாட்டுக் குட்டி ஒன்றுக்குக் கண் போயிற்று.

இது நமது ஊருக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. 2022 ஆகஸ்ட் மாதம் நத்தம் பகுதியில் கரந்தமலை அடிவாரக் கிராமங்களைப் பற்றிய செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது நினைவிருக்கலாம். மலையில் ஆடு மாடு மேய்க்க முடியவில்லை, எறும்பு கூட்டமாக ஏறுகிறது, கால்நடைகளின் கண் பாதிக்கப்படுகிறது என்று அந்த மக்கள் முறையிட்டார்கள். பத்திரிகைகள் அதற்கு 'மஞ்சள் பைத்திய எறும்பு' என்று பெயர் போட்டன. தொந்தரவு செய்தால் ஒழுங்கில்லாமல் அங்குமிங்கும் தறிகெட்டு ஓடும். அதனால் வந்த பெயர் அது. விஞ்ஞானப் பெயர் அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ். பின்பாதிக்கு 'மெலிந்த கால்' என்று பொருள். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் இதுவும் உண்டு.

அடையாளம் தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் பலர் முசுறு எறும்பைப் பார்த்துவிட்டு இதுதான் என்று அடித்துக் கொல்கிறார்கள். முசுறு செம்மஞ்சள் நிறம். மா இலைகளைச் சேர்த்துப் பின்னிக் கூடு கட்டும். கடித்தால் சுரீர் என்றிருக்கும். ஆனால் மரத்தில் உள்ள புழு பூச்சிகளை வேட்டையாடுவதால் தோப்புக்கு நன்மையும் செய்கிறது. மஞ்சள் எறும்பு 4 முதல் 5 மில்லிமீட்டர் நீளம், ஒல்லி உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத நீண்ட கால்கள், நீண்ட உணர்கொம்புகள். இலைக்கூடு கட்டாது. சருகு, கல்லிடுக்கு, மரப்பொந்து, பூந்தொட்டி, சொட்டுநீர்க் குழாய் எங்கு வேண்டுமானாலும் குடியிருக்கும். இது கொட்டுவதில்லை. வயிற்று நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. ஓர் எறும்பு பீய்ச்சினால் நமக்கு ஒன்றுமில்லை. ஆயிரம் எறும்பு சேர்ந்தால் ஆட்டுக்குட்டியின் கண் என்னாகும்?

ஆயிரம் எப்படிச் சேர்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சாதாரண எறும்புகள் பக்கத்துப் புற்று எறும்பைப் பார்த்தால் சண்டையிடும். அதனால் எந்தப் புற்றும் ஓரளவுக்கு மேல் பெருகாது. மஞ்சள் எறும்புக்குப் பக்கத்துக் கூடு என்ற பகை இல்லை. ஒரே கூட்டில் பல ராணிகள். இடம் போதாவிட்டால் ஒரு ராணி சில வேலைக்கார எறும்புகளோடு நடந்துபோய் அடுத்த மரத்தடியில் குடியேறும். இப்படியே கூடுகள் இணைந்து, ஒரு தோப்பு முழுவதும் ஒரே குடும்பமாகிவிடும்.

இவ்வளவு பெரிய கூட்டத்துக்குச் சாப்பாடு வேண்டுமே? அதை மரம்தான் தருகிறது, நேரடியாக அல்ல. மாவுப்பூச்சி, செதில்பூச்சி, அசுவினி போன்றவை மரத்தின் சாற்றை உறிஞ்சி, மிச்சமான சர்க்கரையைத் தேன்போன்ற கழிவாக வெளியேற்றுகின்றன. எறும்புக்கு அதுதான் பிரதான உணவு. ஆகவே நாம் கறவை மாட்டைக் காப்பதுபோல எறும்பு அந்தப் பூச்சிகளைக் காக்கிறது. அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டையும், அவற்றின் உடலில் முட்டையிட வரும் சிறு குளவியையும் விரட்டுகிறது. பூச்சி பெருகுகிறது, பூச்சி பெருகப் பெருக எறும்பும் பெருகுகிறது. சிந்துகிற தேன்கழிவின் மேல் கரும்பூசணம் படர்ந்து இலை வெயிலை வாங்க முடியாமல் போகிறது. காயில் நாம் கண்ட கறுப்பு அதுதான். எறும்பு நமது மரத்தை ஒரு கடி கூடக் கடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி அந்தப் பெரியவரின் கேள்வி. எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், கீச்சான் குருவி ஆகிய நான்கையும் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் இருக்கிறது. ஹஜ்ரத் சொன்னது அதைத்தான், அதில் ஐயமில்லை. ஆனால் இந்த ஹதீஸை விளக்கிய இமாம் கத்தாபி (ரஹ்) அவர்கள், இங்கே குறிப்பிடப்படுவது நீண்ட கால்களுடைய பெரிய வகை எறும்பு என்றும், அதனால் தீங்கு குறைவு என்பதே காரணம் என்றும் எழுதுகிறார்கள். மதரஸாவில் இதைப் படித்த நாளில், காலை அளந்து பார்த்தா எறும்பை விடுவது என்று மாணவர்களாகிய நாங்கள் சிரித்ததுண்டு. இப்போது நமது தோப்பில் இருப்பதும் நீண்ட கால் எறும்புதான்! ஆனால் சட்டத்தின் காரணம் காலில் இல்லை, தீங்கில் இருக்கிறது. நமது ஹனஃபி மத்ஹபின் ஃபதாவா ஆலம்கீரி தெளிவாகச் சொல்வது இது: எறும்பு முதலில் தீங்கு செய்தால் கொல்வதில் குற்றமில்லை, தீங்கு செய்யாத எறும்பைக் கொல்வது மக்ரூஹ்.

ஆகவே மனிதரின் கண்ணுக்கும் பொருளுக்கும் கேடு செய்யும் இந்த எறும்பைக் கட்டுப்படுத்துவது கூடும். அதே சமயம் மார்க்கம் அதற்கு ஒரு வரம்பு போடுகிறது. முற்காலத்து நபி ஒருவரை ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரிக்கச் செய்தபோது, கடித்தது ஒன்றுதானே என்று அல்லாஹ் அவரைக் கண்டித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. நெருப்பால் தண்டிப்பது நெருப்பின் இறைவனுக்கு மட்டுமே உரியது என்ற கருத்திலும் ஹதீஸ் உண்டு.

இதை ஏட்டளவில் எழுதவில்லை. நமது சகோதரர் ஒருவர் ஆத்திரத்தில் மரத்தடியில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். இரண்டு மாமரங்களின் பட்டை வெந்து பட்டுப்போயிற்று. எறும்போ தனது முட்டைகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் குடியேறிவிட்டது. பெயர் சொல்லவில்லை, அவரே வருந்துகிறார். நாங்களும் குற்றமற்றவர்கள் அல்ல. சென்ற ஆண்டு யாரோ சொன்னார்கள் என்று பூச்சிமருந்துத் தூளை வாங்கி மரத்தைச் சுற்றிக் கொட்டச் செய்தது அறக்கட்டளைதான். நடமாடும் எறும்பு செத்தது. ராணி அடியில் பத்திரமாக இருந்தது. மூன்று வாரத்தில் பழையபடி. நடுவில் ஒரு மழை வந்து தூள் கிணற்றுப் பக்கம் ஓடியதால் பல நாள் அந்தத் தண்ணீரை யாரும் தொடவில்லை. பொதுப்பணத்தில் செய்த தவறு என்பதால் இங்கே பதிவு செய்கிறோம்.

வேறு ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று தேடியபோது கிறிஸ்துமஸ் தீவின் அனுபவம் கிடைத்தது. ஜாவாவுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலிய நிர்வாகத்தில் உள்ள சிறு தீவு அது. மலாய் முஸ்லிம்கள் வாழும் கம்போங் பகுதியும் பள்ளிவாசலும் அங்கு உண்டு. கோடிக்கணக்கான செந்நண்டுகளுக்குப் பெயர்போன இடம். 1989 வாக்கில் மஞ்சள் எறும்பின் பெருங்கூட்டம் அங்கே கண்டறியப்பட்டது. நண்டுகளைக் கண்ணில் அமிலம் அடித்துக் கொன்றது. 2002லும் 2009லும் ஹெலிகாப்டரிலிருந்து நச்சு இரை தூவினார்கள். எறும்பு குறைந்தது, பிறகு மீண்டும் பெருகியது. இறுதியில் ஆராய்ச்சியாளர்கள் எறும்பை விட்டுவிட்டு அதன் சமையற்கட்டைப் பார்த்தார்கள். எறும்புக்குத் தேன்கழிவை அதிகம் கொடுப்பது ஒரு வகை மஞ்சள் அரக்குச் செதில்பூச்சி என்று தெரிந்தது. மலேசியாவில் அந்தப் பூச்சியை அடக்கி வைத்திருக்கும் குளவியைக் கொண்டுவந்து 2016 டிசம்பரில் விட்டார்கள். வெறும் 2 மில்லிமீட்டர் குளவி. மனிதரைக் கொட்டாது.

அந்தக் குளவியை நாம் வரவழைக்க முடியாது, அது அரசாங்கத்தின் வேலை. ஆனால் எறும்பின் சமையற்கட்டை மூடுவது நம்மாலும் ஆகும்.

அறுவடை முடிந்ததும் தரையையும் சுவரையும் பக்கத்து மரத்தையும் மின்கம்பியையும் தொடும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். அப்போது எறும்புக்கு ஏற அடிமரம் ஒன்றே வழி. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், ஓர் அடி அகல பாலித்தீன் தாளை மரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டி, விளிம்பில் களிமண் பூசி, தாளின் மேல் கிரீஸ் தடவ வேண்டும். கிரீஸைப் பட்டையில் நேரடியாகத் தடவாதீர்கள், பட்டை கெடும். தூசி படிந்தால் மறுபடி தடவ வேண்டும். கிளையில் உள்ள மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லி சோப்புக் கரைசலுடன், அல்லது மீன் எண்ணெய் சோப்பு லிட்டருக்கு 25 கிராம். பூ விரிந்திருக்கும் காலத்தில் எதையும் தெளிக்க வேண்டாம். தேனீயும் அந்த நான்கில் ஒன்று. எறும்பு மேலே போகாவிட்டால் பொறிவண்டு தானாக வந்து மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இலையில் ஏற்கெனவே படிந்த கரும்பூசணத்துக்கு வீட்டு அடுப்பிலேயே மருந்து இருக்கிறது. 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியபின் 20 லிட்டராக்கி வடிகட்டித் தெளிக்க வேண்டும். வெயிலில் அது காய்ந்து உரியும்போது கறுப்பையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். மேகமூட்டமான நாளில் பயன் இல்லை.

தரையில் உள்ள கூடுகளுக்கு இரை வைப்பது தூளைவிட மேல். 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 200 கிராம் சர்க்கரை, 10 கிராம் போரிக் அமிலம். அதிகம் போட்டால் சீக்கிரம் சாகும் என்று கூட்டிவிடாதீர்கள். எறும்பு வழியிலேயே செத்தால் ராணிக்குப் போய்ச் சேராது. மெதுவாக வேலை செய்வதே இதன் சூட்சுமம். பஞ்சில் நனைத்து, துளையிட்ட மூடி டப்பாவில் வைத்து, 'விஷம்' என்று எழுதி, குழந்தைகளும் ஆடு கோழிகளும் எட்டாத இடத்தில் கட்ட வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். முற்றிலும் ஒழியும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. மரம் ஏறும் அளவுக்குக் குறைந்தால் போதும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணில் எறும்பு அமிலம் பட்டால் கசக்கவிடாமல், சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போதும். பச்சைக் குழந்தை படுக்கும் கட்டில், படுக்கையில் உள்ள முதியோரின் கட்டில் ஆகியவற்றின் கால்களைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். நமது பாட்டிமார் மீட்சேஃபுக்குச் செய்ததுதான். குட்டி ஈன்ற ஆட்டை இரவில் தோப்போரம் கட்டாதீர்கள்.

தோட்டம் உள்ளவர்களுக்கு மிக முக்கியமானது ஒன்று உண்டு. இந்த எறும்புக்கு வேலி தெரியாது. ஒருவர் தோப்பில் மட்டும் செய்தால் அடுத்த தோப்பிலிருந்து திரும்ப நடந்து வரும். மஞ்சள் எறும்பு உள்ள தோப்பிலிருந்து மாங்கன்று, தொட்டி, மண், வைக்கோல், விறகு எதையும் சோதிக்காமல் வெளியே அனுப்பாதீர்கள். கன்றை விற்றவர் எறும்பையும் சேர்த்து விற்றால், வாங்கியவருக்குச் செய்த துரோகம் அது.

பசிபிக் கடலில் ஜான்ஸ்டன் தீவில் 2010ல் இந்த எறும்பைக் கண்டபோது, தொண்டர்கள் குழு குழுவாக மாறி மாறி அங்கேயே தங்கி இரை வைத்தார்கள். 2021ல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். ஆள் குடியில்லாத சிறு தீவுக்கே பதினோரு ஆண்டுகள்.

இன்ஷா அல்லாஹ், மழை விட்டதும் வரும் முதல் ஞாயிறு ஃபஜ்ருக்குப் பிறகு வக்ஃபு தோப்பில் கூடுகிறோம். பாலித்தீன் தாளும் கிரீஸும் அறக்கட்டளை செலவு. தோப்பை ஒட்டிய நிலக்காரர்கள், எந்தச் சமூகத்தவராயினும், அவர்களையும் அழைத்திருக்கிறோம்; அவர்கள் மரங்களுக்கும் நாமே தாள் கட்டிக் கொடுப்போம். தோட்டக்கலை அலுவலரையும் வரச்சொல்லிக் கேட்டிருக்கிறோம். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, காலுக்கு ஷூ அணிந்து வாருங்கள். ஏணி உள்ளவர்கள் எடுத்து வந்தால் உதவியாக இருக்கும். நம்மிடம் இரண்டுதான் உள்ளன.