தன்திறன் நம்பிக்கையும் மொழியாசிரியரும்

ஒரு பணியைத் தம்மால் செய்து முடிக்க இயலும் என்று ஒருவர் கொள்ளும் உறுதியே தன்திறன் நம்பிக்கை. உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977ஆம் ஆண்டு இக்கருத்தை விளக்கினார். முயன்று வென்ற பட்டறிவே இதனை வளர்க்கும் முதன்மை ஊற்று என்பார் அவர். மொழியாசிரியரிடம் இந்நம்பிக்கை குன்றினால், அவர் வினாக்களுக்கு அஞ்சி உரையை ஒப்பித்து அமைவார். நிறைந்தால், மாணவர்தம் ஐயமே பாடமாக விரியும்.

இதற்கு உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கை சான்றாகும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதி, பிள்ளைத்தமிழ், தலபுராணம் எனப் பல நூல்களைப் பயின்ற அவர், 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என அவரை வினவினார். படித்ததில்லை என்பதை ஐயர் மறைக்கவில்லை. நூல் கிடைத்தால் பொருள் காண இயலும் என்று துணிந்து கூறினார். முதலியாருக்கே அதனைப் பாடஞ்சொல்லத் தொடங்கினார். சமண மரபு விளங்காத இடங்களைச் சமணரிடமே கேட்டுத் தெளிந்தார். 1887இல் அக்காப்பியம் அவரது பதிப்பாக வெளிவந்தது.

எல்லாம் அறிவேன் என்பது செருக்கு. அறியாததைக் கற்றுக் கற்பிக்க இயலும் என்பதே தன்திறன் நம்பிக்கை. கற்பிப்போர்க்கு மட்டுமன்றிக் கற்போர்க்கும் அது வேண்டுவதாகும்.