ஒலிபெருக்கியில் எழும் உறுமல்

சென்ற ஆண்டு என் சித்தப்பா ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினார். பாட்டு ஒலிக்கும்போது குறை தெரியவில்லை. வசனம் நின்ற இடங்களில் மட்டும் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் கேட்டது. இயற்பியல் படிக்கிறவன் என்பதால் காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். உறுமலும் 50 ஹெர்ட்ஸாக இருந்தால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து கம்பிகள் வழியே நுழைவது. 100 ஹெர்ட்ஸ் என்றால் அலைதிருத்தியை அடுத்துள்ள வடிகட்டி மின்தேக்கியைச் சந்தேகிக்கலாம். (‘ஸ்ஸ்’ என்ற சீறல் வேறு இனம், மின்தடைகளில் எலக்ட்ரான்களின் வெப்ப அசைவால் எழும் பகுதியை முற்றாக ஒழிக்க யாராலும் இயலாது.)

கணிப்பொறியிலிருந்து பெருக்கிக்கு வரும் ஒலிக் கேபிளைக் கழற்றினேன். உறுமல் நின்றது! ஆகவே பெருக்கியில் பழுதில்லை.

கணிப்பொறி கூடத்தின் ஒரு சுவரிலும் பெருக்கி எதிர்ச்சுவரிலும் மின்இணைப்புப் பெற்றிருந்தன. இரண்டின் எர்த் கம்பிகளும் கேபிளின் பின்னல் உறையும் சேர்ந்து ஒரு மூடிய வளையம் ஆகிவிட்டன. வீட்டு மின்கம்பிகளின் மாறும் காந்தப்புலம் அவ்வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831இல் ஃபாரடே கண்ட விதிதான். பின்னலில் 10 மில்லிஆம்பியர் ஓடுவதாகவும் அதன் தடை 0.1 ஓம் என்றும் கொள்வோம். 1 மில்லிவோல்ட் கிடைக்கும். ஒலிச் சைகை ஏறத்தாழ 300 மில்லிவோல்ட். பாட்டில் அது மறையும், அமைதியில் வெளிப்படும்.

பக்கத்து வீட்டுக்காரர், “பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடு, தம்பி” என்றார். வெட்டினால் உறுமல் போய்விடும் என்பது உண்மையே. குறடும் என் கையில் இருந்தது. ஆனால் அந்தப் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது, அதுவே முதலில் தொட வேண்டும் என்பதற்காக. வெட்டிய பின் ஃபேஸ் கம்பி உலோகப் பெட்டியைத் தொட்டால், மின்னோட்டம் முழுவதும் அந்த மெல்லிய பின்னல் வழியே எர்த்தைத் தேடும். பின்னல் கருகினாலோ, கேபிளை யாராவது கழற்றினாலோ பெட்டி மேல் 230 வோல்ட். சித்தப்பாவின் மகளுக்கு எட்டு வயது. ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் அவள்தான். குறடைக் கீழே வைத்தேன்.

இரு கருவிகளும் சேர்ந்து 6 ஆம்பியருக்குள் அடங்கியதால், எர்த் உள்ள ஒரே நீட்டிப்புப் பலகையில் இரண்டையும் செருகினேன். வளையத்தின் பரப்பு சுருங்கியது. ஒலிக் கேபிளை மின்கம்பியை ஒட்டி ஓடவிடாமல், தவிர்க்க முடியாத இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிட்டேன். உறுமல் பெரிதும் தணிந்தது. மிச்சத்திற்கு 1:1 ஒலி மின்மாற்றி ஒன்றை இடையில் வைத்தோம். சைகை காந்தப்புலத்தின் வழியே கடக்கும், உலோகத் தொடர்பு இராது. முதலில் வாங்கியது மலிவான சரக்கு. தவில் ஓசை மெலிந்துவிட்டதாகச் சித்தப்பா குறைபட்டார். சிறிய இரும்பு உள்ளகம் தாழ்ந்த அதிர்வெண்களைத் தாங்குவதில்லை. அடுத்த வாரம் சற்றுப் பெரியதாக வாங்கி மாற்றினோம்.