நாலு மில்லிநொடிக் கணக்கு

கோயம்புத்தூர்

அன்புள்ள யாழினி,

புதுச்சேரி தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா சொன்னான். நெல்லித்தோப்பிலிருந்து சைக்கிளிலேயே போய்வரும் தூரம், நல்லது. மோல்டு பழுது பார்க்கும் பட்டறை, அதில் உன் கையில் கொடுத்திருப்பது பல்ஸ் லேசர் வெல்டிங் மெஷின் என்று கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் வேலைக்காலம் அந்த மெஷினோடுதான் போயிற்று. நீ அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "அத்தை, ஸ்கிரீன்ல வோல்ட், மில்லிசெகண்ட், ஹெர்ட்ஸ், ஸ்பாட்னு நாலு நம்பர் இருக்கு. எதை மாத்தினா என்ன ஆகும்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நோட்ல இருக்கறத அப்படியே போடுன்னு சொல்றாங்க." அந்த நோட்டை நம்பி மட்டும் நீ வேலை கற்றுக்கொள்ளக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

எண்களுக்குப் போகும் முன் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உன் மெஷினுக்குள் இருப்பது நியோடிமியம் கலந்த யாக் படிகம். அது தரும் ஒளியின் அலைநீளம் 1064 நானோமீட்டர். நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் கண்ணின் முன்பகுதி அதைத் தடுக்காமல் உள்ளே விட்டு, லென்ஸால் குவித்து, நேரே விழித்திரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். கண் கூசினால் இமை தானாக மூடும். தெரியாத ஒளிக்கு இமை மூடாது. விழித்திரையில் வலி நரம்பும் கிடையாது. பார்வையில் ஒரு கரும்புள்ளி நின்ற பிறகுதான் பட்டது தெரியும், அது ஆறாது. ஆர்க் வெல்டிங்குக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. கண்ணாடியின் விளிம்பில் 1064 என்ற எண்ணும் அந்த ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஓ.டி. மதிப்பும் அச்சிட்டிருக்க வேண்டும். பளபளவென்று பாலிஷ் போட்ட மோல்டு பரப்பு ஒளியை எந்தப் பக்கமும் திருப்பி அனுப்பும் என்பதால், பக்கத்தில் நிற்பவருக்கும் கண்ணாடி வேண்டும். வளையல், மோதிரம் கழற்றி வை. மெஷினை அணைத்த பிறகும் உள்ளேயிருக்கும் கெபாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். பின்கதவைத் திறப்பது சர்வீஸ்காரர் வேலை. இந்த இடத்தில் யார் கேலி செய்தாலும் விட்டுக்கொடுக்காதே.

இனி அந்த நாலு எண்கள். ஒரு பல்ஸில் 20 ஜூல் வருகிறது என்று வைத்துக்கொள். 20 ஜூல் எவ்வளவு? ஒரு தேக்கரண்டித் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கக்கூட முழுசாகப் போதாது. அதே 20 ஜூல்தான் எஃகை உருக்குகிறது. சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. 20 ஜூலை 4 மில்லிநொடிக்குள் கொட்டினால், அந்த நாலு மில்லிநொடியும் 5000 வாட் பாய்கிறது. அதுவும் அரை மில்லிமீட்டர் வட்டத்தில். சதுர சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் இரண்டரை மில்லியன் வாட். எஃகு தாங்குமா?

அதே 20 ஜூலை 20 மில்லிநொடிக்கு நீட்டிப் பார். வெறும் 1000 வாட். சூடு சுற்றுமுற்றும் ஓடிப்போகும். மேல்தோல் நிறம் மாறும், பிடிப்பு இருக்காது. 1 மில்லிநொடிக்குள் அடைத்தால் 20,000 வாட். உருகிய உலோகம் கொதித்துத் தெறித்துக் குழி விழும். துளை போட வேண்டுமென்றால் அதுதான் தேவை. மோல்டில் கம்பி வைத்து நிரப்ப வந்தவளுக்கு அது நாசம். மூன்று தடவையும் ஒரே ஆற்றல்தான். "பவர் பத்தலை, ஏத்து" என்று பட்டறைகளில் பொதுவாகச் சொல்வார்கள். எந்தப் பவர் என்று கேள். பல்ஸுக்குள் இருக்கும் உச்சத் திறன்தான் உலோகத்தை உருக்குகிறது. பல்ஸ் ஆற்றலை ஹெர்ட்ஸால் பெருக்கினால் வருவது சராசரித் திறன்: 20 ஜூல், 5 ஹெர்ட்ஸ் என்றால் 100 வாட். அது வேலைப்பொருளைச் சூடாக்குகிறது. கையில் பிடித்திருக்கும் துண்டு சுடுகிறதென்றால் ஹெர்ட்ஸைக் குறைக்க வேண்டும், வோல்ட்டை அல்ல. ஸ்பாட்டை அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றாக்கினால் பரப்பு நாலு மடங்கு, செறிவு கால் பங்கு. வோல்ட் கொஞ்சம் ஏறினாலும் ஆற்றல் அதைவிட வேகமாக ஏறும். ஆகவே அதைச் சிறுகச் சிறுகத் திருப்பு.

உலோகத்துக்கு உலோகம் இந்தக் கணக்கு மாறும். உன் தாத்தா நெல்லித்தோப்பு வீட்டுத் திண்ணையிலேயே பட்டறை வைத்து ஊதுகுழலால் ஊதி நகை பற்றவைத்தவர். தங்கத்தில் சூடு எவ்வளவு வேகமாக ஓடும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். எண்ணாகச் சொன்னால், 4 மில்லிநொடியில் தங்கத்துக்குள் சூடு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தூரம் பரவுகிறது. துருப்பிடிக்காத எஃகில் கால் மில்லிமீட்டர்தான். தங்கமும் வெள்ளியும் இந்த ஒளியை ஏறத்தாழ முழுக்கத் திருப்பியும் அனுப்பிவிடும். அதனால்தான் நகை வேலை செய்பவர்கள் வெள்ளியில் பற்று வைக்கும் இடத்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டுச் சுடுகிறார்கள்: முதல் சில மைக்ரோநொடி ஒளி உள்ளே இறங்கினால் போதும், உருகத் தொடங்கிய உலோகம் மீதியைத் தானே வாங்கிக்கொள்ளும்.

இங்கே ஒன்று சொல்லாமல் மேலே போக மனமில்லை. தாத்தா காலத்துக்குப் பிறகு பட்டறைகளில் காட்மியம் கலந்த பொடி வந்தது. கேடிஎம் நகை என்று கடைக்காரர்கள் பெருமையாக விற்றார்கள். எளிதில் உருகும், பற்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஊதும்போது எழும் காட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். நகை போட்டவருக்கு ஒன்றுமில்லை, செய்தவர்தான் விலை கொடுத்தார். லேசர் வெல்டிங்கில் பொடியே வேண்டாம். நகையின் தங்கமே உருகி ஒட்டிக்கொள்கிறது. கல் பதித்த மோதிரத்தைக் கல்லைக் கழற்றாமலே பழுது பார்க்கலாம். இந்த மெஷின் வந்ததில் எனக்கு மிகப் பிடித்த காரியம் இதுதான்.

இது எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொள். புதுச்சேரிப் பெண்ணுக்கு ஒரு பிரெஞ்சுக்காரரிலிருந்து தொடங்கலாம். அணுக்களுக்கு ஒளியை ஊட்டி மேல்நிலைக்கு ஏற்றும் முறையை 1950இல் முன்வைத்தவர் ஆல்ஃபிரட் காஸ்ட்லர். 1966இல் நோபல் பரிசு பெற்றார். ஒளியூட்டும் அந்த வழியில்தான் தியோடர் மைமான் 1960 மே 16 அன்று கலிபோர்னியாவில் சுருள் வடிவ ஃபிளாஷ் விளக்குக்குள் மாணிக்கக் கோலை வைத்து முதல் லேசரை எரியவிட்டார். உலகின் முதல் லேசரே பல்ஸ் லேசர்தான், திடப்பொருள் லேசர்தான். உன் மெஷினில் இருக்கும் யாக் படிகம் 1964இல் பெல் ஆய்வகத்தில் வந்தது. 1965இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி, கம்பி இழுக்கும் வைர அச்சுகளில் துளை போட மாணிக்க லேசரை உற்பத்திக்கே கொண்டுவந்துவிட்டது. மணிக்கணக்கில் தேய்த்துப் போட்ட துளை நிமிடங்களில் முடிந்தது.

பல்ஸை இன்னும் சுருக்கினால் என்ன ஆகும்? உன் அம்மாவின் வளையலில் உள்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் பார். புதிதாக வாங்கியதென்றால் ஹால்மார்க் முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. இருக்கும், 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் ஹால்மார்க் தங்க நகை விற்கக் கூடாது. அதை எழுதுவது பெரும்பாலும் பைபர் லேசர். ஒரு பல்ஸில் ஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் அது சுமார் நூறு நானோநொடியில் வருகிறது, உச்சத்தில் 10,000 வாட். சூடு சில மைக்ரோமீட்டர் ஓடுவதற்குள் மேல்பரப்பு ஆவியாகிவிடுகிறது. இன்னும் கீழே, ஃபெம்டோநொடி அளவுக்குச் சுருங்கிய பல்ஸுக்கு வலு ஏற்றும் வழியைத் திறந்ததும் ஒரு பிரெஞ்சுக்காரர், ஜெரார் மூரூ. மாணவியான டோனா ஸ்ட்ரிக்லண்டோடு 1985இல் செய்த வேலைக்கு இருவருக்கும் 2018இல் நோபலில் பங்கு கிடைத்தது. அந்த நேரத்தில் சூடு பக்கத்து அணுக்களுக்குப் பரவ அவகாசமே இல்லை. கண் அறுவையில் கருவிழியை அந்தப் பல்ஸால் வெட்டுகிறார்கள்.

நம் நாட்டு வேலையில் நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கண்ணுக்குள் வரும் புற்றுக்கட்டிக்கு, அயோடின்-125 அடைத்த குட்டிக் குப்பிகளைக் கட்டியின் பக்கத்தில் வைத்துக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். சென்னை சங்கர நேத்ராலயாவில் அப்படிப் பயன்பட்ட குப்பிகள் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் செய்தவை. டைட்டானியக் குழாய், நீளம் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு, விட்டம் 0.8 மில்லிமீட்டர், சுவர் 0.05 மில்லிமீட்டர். உள்ளே அயோடின் ஒட்டிய வெள்ளிக் கம்பி. இரண்டு முனையையும் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். அயோடின் சூடுபட்டால் கிளம்பிவிடும் சரக்கு. ஆகவே முனை உருக வேண்டும், ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருப்பது சுடக் கூடாது. அதைச் செய்தது யாக் லேசரின் பல்ஸ்தான். இந்த யாக் லேசர்களை நம் நாட்டிலேயே கட்டி வளர்த்த இடம் இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையம். அங்கே செய்த லேசர்கள் நரோரா அணுமின் நிலையத்துக்கும் போயின. உலையின் 306 குளிர்விப்புக் குழாய்களை மாற்றும்போது, மனிதர் அதிக நேரம் நிற்கக் கூடாத இடத்தில், பைபர் வழியே ஒளியை அனுப்பி உலோக விளிம்புகளை வெட்டினார்கள். வெட்டும்போது ஆள் தள்ளியே நின்றார்.

டைட்டானியம் உன் மேசைக்கும் ஒருநாள் வரும். உருகும் இடத்தைக் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் வாயு சரியாகப் போகிறதா என்று அது நிறத்தால் சொல்லும்: வெள்ளியாக மின்னினால் சரி, வைக்கோல் நிறம் எச்சரிக்கை, நீலம் வந்தால் வெட்டியெறி. மோல்டு எஃகில் உன் பெரிய தொல்லை விரிசல். கார்பன் கூடின எஃகு, பல்ஸ் முடிந்ததும் சுற்றியுள்ள குளிர்ந்த உலோகத்தால் சட்டென்று இறுகி வெடிக்கும். பல்ஸின் கடைசியை ஒரேயடியாக நிறுத்தாமல் சரிவாக இறக்கும் வசதி உன் மெஷினில் இருந்தால் அதைக் கற்றுக்கொள். கம்பி நிரப்பும்போது ஒவ்வொரு புள்ளியும் முந்தினதன் மேல் முக்கால் பங்கு ஏற வேண்டும். வேகம் பார்த்து இடைவெளி விட்டால் மேலே மூடியிருக்கும், அடியில் ஓட்டை இருக்கும்.

வேலை இல்லாத நேரத்தில் ஸ்கிராப் எஃகுத் தகடு ஒன்றை எடுத்து, ஆற்றலை மாற்றாமல் நேரத்தை மட்டும் 1, 2, 4, 8, 16 மில்லிநொடி என்று ஏற்றி வரிசையாகச் சுடு. நேரத்தை ஏற்றும்போது ஆற்றலும் கூடவே ஏறும். ஆகவே ஒவ்வொரு முறையும் வோல்ட்டைக் குறைத்து எனர்ஜி மீட்டரில் 20 ஜூல் வரவை. மெஷின் இடங்கொடுக்கும் குறைந்த நேரம் எதுவோ அங்கிருந்து தொடங்கினால் போதும். பிறகு புள்ளிகளின் நடுவே வெட்டித் தேய்த்து லென்ஸில் பார். மேலே சொன்னது எல்லாம் அந்த வெட்டுமுகத்தில் இருக்கும். அதே வரிசையைச் செம்பிலும் செய். எதிர்பார்த்தது வராது, ஏன் என்று நீயே எழுதி அனுப்பு.

பட்டறை நோட்டைப் பற்றிக் கடைசியாக. உன் மெஷினிலும் படிகத்துக்கு ஒளியூட்டுவது ஃபிளாஷ் விளக்குதான். அது வயதாக வயதாக, அதே வோல்ட்டுக்குக் குறைந்த ஒளிதான் தரும். விளக்கு புதிதாக இருந்தபோது ஒருவர் எழுதிய 280 வோல்ட் இன்று அதே ஆற்றல் ஆகாது. விளக்கு மாற்றியது எப்போது, அதற்குப் பிறகு எத்தனை ஷாட் ஓடியிருக்கிறது என்று மெனுவில் ஓர் எண் இருக்கும். அதையும், மெஷினைக் குளிர்விக்கும் சில்லரின் தண்ணீரைக் கடைசியாக மாற்றிய தேதியையும் பார்த்து எனக்கு எழுது. பட்டறையில் எனர்ஜி மீட்டர் இருக்கிறதா என்றும் கேள். இல்லாவிட்டால் என்னுடையதை அப்பா வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அத்தை